சில்வர் ஸ்க்வில்: கிழங்குகள் மெத்தென்று ஆகின்றன, இலைப் புள்ளிகளும் மங்குகின்றன

வித்யா_தாம்பரம்:

எல்லோருக்கும் வணக்கம். லெடிபௌரியா சோஷியாலிஸ் வளர்ப்பவர்கள் யாராவது இருந்தால் உதவுங்கள். சில்வர் ஸ்க்வில் என்ற பெயரில் விற்கிறார்களே, அதுதான்.

ஆடித் தள்ளுபடியில் இணையத்தில் வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் தொட்டியில், ஊதா நிறத் தோலோடு குட்டிக் கிழங்குகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்து சேர்ந்தன. இலையின் மேற்புறம் வெள்ளி, அதில் பாசிப்பச்சைத் திட்டுகள். திருப்பிப் பார்த்தால் அடிப்புறம் முழுக்கக் கத்தரிப்பூ நிறம். கூடவே வந்த சீட்டில், "கள்ளிச்செடிக்குரிய பராமரிப்பு போதும். வாரம் ஒருமுறை தண்ணீர். குளிர்காலத்தில் தண்ணீரைக் குறைக்கவும்" என்று அச்சிட்டிருந்தது. அப்படியே செய்தேன். புரட்டாசி வரை ஒரு குறையும் இல்லை.

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து நிலைமை மாறிவிட்டது. எங்கள் பால்கனி வடக்குப் பார்த்தது, மூன்றாம் மாடி. மழை நேராக விழாது, சாரல் மட்டும் அடிக்கும். நடுவில் இருந்த கிழங்கின் இலைகள் மஞ்சளாகி, தொட்டவுடன் கையோடு வந்துவிட்டன. பக்கத்துக் கிழங்கை அழுத்தினால் விரல் உள்ளே போகிறது. புதிதாக வரும் இலைகள் நீளமாகத் தொங்குகின்றன. திட்டுகள் இருக்கும் இடமே தெரியவில்லை. கிழங்குகளின் இடுக்கில் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளையாக ஏதோ இருக்கிறது.

எதிர்வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "இது நரிவெங்காயம். கழுத்து வரை மண்ணைப் போட்டு மூடு" என்கிறார். சீட்டில் அதைப் பற்றி ஒன்றுமில்லை. மூடலாமா? பூத்தண்டு ஒன்று எட்டிப் பார்க்கிறது, அதை வெட்டிவிட வேண்டுமா? வீட்டில் பூனை இருக்கிறது, அது இலையைக் கடித்தால் ஏதாவது ஆகுமா?

பச்சைக்குடை:

தண்ணீரை உடனே நிறுத்துங்கள். பூஞ்சைக்கொல்லியைக் கலந்து மண் நனையும்படி ஊற்றுங்கள். பிறகு நல்ல வெயிலில் வையுங்கள், தானாகச் சரியாகிவிடும். சக்குலன்ட், அதாவது சதைப்பற்றுள்ள செடிகள், எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்தான்.

கொங்குத்தோட்டம்:

பச்சைக்குடை தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. தண்ணீரை நிறுத்தச் சொன்னது சரி. மற்ற இரண்டையும் செய்தால் மிச்சமிருக்கும் கிழங்குகளும் போய்விடும்.

வித்யா, முதலில் தொட்டியைக் கவிழ்த்துத் தட்டிச் செடியை வெளியே எடுங்கள். கொத்துக்குள் ஒரு கிழங்கு அழுகிக்கொண்டிருக்கும்போது மேலே எதை ஊற்றினாலும் அது ஈரத்தைக் கூட்டுமே தவிர வேறொன்றும் செய்யாது. எடுத்ததும் அந்த மெத்தென்ற கிழங்கை முகர்ந்து பாருங்கள். கெட்ட நாற்றம் அடித்து, கூழாக வழிந்தால் அது பெரும்பாலும் பாக்டீரியா அழுகல். பூஞ்சைக்கொல்லிக்கு அங்கே வேலையே இல்லை. நாற்றமின்றி அடிப்பகுதி மட்டும் பழுப்பேறி இற்றுப்போயிருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். இரண்டுக்கும் முதல் வைத்தியம் கத்திதான்.

கிழங்கின் அடியில் வேர் கிளம்பும் கெட்டியான வட்டு ஒன்று இருக்கும். அதை நகத்தால் அழுத்துங்கள். வட்டு கெட்டியாக இருந்தால், வேரெல்லாம் போயிருந்தாலும் அந்தக் கிழங்கு பிழைத்துக்கொள்ளும். வட்டே குழைந்துவிட்டது என்றால் தயங்காமல் குப்பையில் போடுங்கள். உரக்குழியில் போட வேண்டாம். ஸ்பிரிட்டில் துடைத்த பிளேடால் பழுப்பை முழுவதும் செதுக்கி எடுங்கள். குறுக்கே வெட்டினால் வெங்காயத்தில் இருப்பதுபோல அடுக்குகள் தெரியும். வெள்ளையாகத் தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு வளையத்தில் பழுப்புக் கோடு மிச்சமிருந்தாலும் மறுபடி அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

பிறகு செய்தித்தாளை விரித்து, காற்றோட்டமான நிழலில் எல்லாக் கிழங்குகளையும் பரப்பிவிடுங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும்வரை கிடக்கட்டும். மண்ணில்லாமல் செத்துவிடுமோ என்று பயப்படாதீர்கள். தனக்கு வேண்டிய தண்ணீரைக் கிழங்குக்குள் சேர்த்து வைத்திருக்கும் செடி இது.

இப்போது அந்தத் தொட்டியில் இருந்த கலவைக்கு வருவோம். பார்க்காமலே சொல்கிறேன், முழுக்கக் கோகோபீட்டாக, அதாவது தென்னை நார்த்தூளாக இருக்கும். எடை குறைவு, கூரியர் செலவு மிச்சம், அதனால் அதில் நட்டு அனுப்புகிறார்கள். விற்பவருக்கு அது வசதி. நம் வீட்டுக்கு வந்த பிறகு வேர்களுக்குத்தான் தொல்லை. மேலே விரல் வைத்தால் காய்ந்திருக்கும், அடியில் பிழிந்தால் சொட்டும். கோடையில் ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் பிறகு ஊற்றும் தண்ணீரை உறிஞ்சாமல் ஓரத்தின் வழியே கீழே தள்ளிவிடும். இந்த இரண்டு குணத்தையும் வைத்துக்கொண்டு "வாரம் ஒருமுறை" என்று எழுதியவர் தாம்பரத்து ஐப்பசியைப் பார்த்ததில்லை.

நான் போடும் கலவை இது: ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு அலசிய பருமணல், ஒரு பங்கு பட்டாணி அளவுக்கு உடைத்த செங்கல், அரைப் பங்கு நன்றாக மக்கிய தொழுவுரம், கைப்பிடி உமிக்கரி. ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்ட் போடலாம், ஆனால் சலித்து, தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். அந்த மாவுத்தூளோடு அப்படியே போட்டால் தொட்டியின் அடியில் படிந்து இறுகிப்போய் துளையை அடைத்துவிடும். தொட்டி அகலமாக, ஆழம் குறைவாக, மண்ணால் ஆனதாக இருக்கட்டும். பெரிய தொட்டி வேண்டாம். இந்தக் கிழங்குகளுக்கு நெருக்கியடித்து உட்காருவதுதான் பிடிக்கும்.

நடும்போது கீழ்ப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் மண்ணுக்குள் இருக்க வேண்டும். மீதி வெளியே. எதிர்வீட்டு அம்மா சொன்னதும் முழுக்கக் கற்பனையில்லை. நரிவெங்காயம் இதற்குச் சொந்தம்தான், ஒரே குடும்பம். ஆனால் அது மண்ணுக்கடியில் வாழ்ந்து, வறட்சியில் இலையைக் கொட்டிவிட்டு உறங்கும் செடி. இதற்கு இன்னும் நெருங்கிய உறவு ஒன்றும் நம் பாறைக்காடுகளில் இருக்கிறது: லெடிபௌரியா ரெவொலூட்டா. அதுவும் கிழங்கை உள்ளே வைத்துக்கொண்டு, மழை விழுந்ததும் புள்ளி போட்ட இலைகளை நீட்டும். 1821இல் ரோத் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் லெடிபௌரியா என்ற பேரினத்தை ஏற்படுத்தியதே, பெஞ்சமின் ஹெய்ன் இந்தியாவிலிருந்து சேகரித்த செடிகளை வைத்துத்தான். ஹெய்ன் தரங்கம்பாடிக்குச் சமயப்பணிக்கு வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் செடி சேகரித்தவர். எனக்கு இந்தச் செய்தியில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு, அதனால் சொல்லிவிட்டேன். உங்கள் தொட்டிக்கு இதனால் ஒரு பயனும் இல்லை.

உங்களுடையது அந்தச் சொந்தக்காரர்களின் பழக்கம் இல்லாதது. தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் மாகாணத்தில் புதர்களின் நிழலில், மண்ணுக்கு மேலேயே கும்பலாகக் கிடந்து, ஆண்டு முழுவதும் இலையோடு இருக்கும். நம் நர்சரிகளில் ஜேட் என்று விற்கும் போர்ச்சுலக்கேரியாவும் அந்தப் பக்கத்துப் புதர்க்காட்டைச் சேர்ந்ததுதான். ஜேட் வெயிலை வாங்கிக்கொள்ளும், இது அதன் காலடியில் நிழலில் இருக்கும். இந்த ஒரு காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்: வெயில் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

வெயில் என்றால் காலை வெயில், ஒன்பது மணிக்குள். அதற்குப் பிறகு பளிச்சென்ற நிழல். உச்சி வெயிலில் வைத்தால் இலையின் வெள்ளி வெளிறிப்போய் நுனி கருகும். உங்கள் வடக்குப் பால்கனியில் மழைமேகமும் சேர்ந்துகொண்டதால் வெளிச்சம் போதவில்லை. இலை நீண்டதற்கும் திட்டுகள் மங்கியதற்கும் அதுதான் காரணம். நீண்ட இலை மறுபடி குறுகாது. வெளிச்சத்துக்கு மாற்றிய பிறகு வரும் இலைகளைப் பாருங்கள். ஒரு கிழங்குக்கு மூன்று, நான்கு இலைகள்தான் இருக்கும், ஐந்தே அதிகம். அதனால் அழகில்லை என்று பழையதைக் கிள்ளிவிடாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் அந்தச் சீட்டை மறந்துவிடுங்கள். "குளிர்காலத்தில் குறைக்கவும்" என்பது பனி விழும் ஊர்க்காரர்களுக்கு எழுதியது. சென்னையில் மார்கழி இரவிலும் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும்; அது செடி உறங்கும் குளிரே இல்லை. உங்களுக்கு ஆபத்தான காலம் இரண்டு. ஒன்று, ஐப்பசி, கார்த்திகை: அப்போது குளிரால் ஆபத்தில்லை, காயவே காயாத ஈரத்தால்தான் ஆபத்து. இன்னொன்று அக்னி நட்சத்திரம். இரவிலும் சூடு இறங்காத அந்த நாட்களில் செடி வளர்ச்சியை நிறுத்திவிடும். வாடியிருக்கிறதே என்று நாம் ஊற்றுவோம், அது குடிக்காது, சூடான ஈர மண்ணில் கிழங்கு வெந்துவிடும். தை முதல் பங்குனி வரை அது சந்தோஷமாக வளரும் காலம்; அப்போது மண் அடி வரை காய்ந்ததும் துளை வழியே ஒழுகும்படி தாராளமாக ஊற்றலாம். எங்கள் கோவையில் ஆடிக் காற்று அடிக்கும்போது மண்தொட்டி காலையில் ஊற்றினால் மாலையில் காய்ந்துவிடும், அதற்குத் தகுந்தாற்போல ஊற்றுகிறேன். உங்கள் ஊருக்கு வேறு கணக்கு. காய்ந்ததா என்று பார்க்க ஒரு தென்னங்குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி எடுங்கள். மண் ஒட்டாமல் வந்தால் ஊற்றுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்க வேண்டாம், கொசுவுக்கும் அதுதான் வீடு.

பஞ்சு என்று நீங்கள் சொல்வது மாவுப்பூச்சி. கிழங்கின் மேல் காய்ந்த தோல் காகிதமாகச் சுருண்டிருக்கும்; அதற்கு அடியில்தான் ஒளிந்திருக்கும். தானாக உரியும் தோலை மட்டும் உரித்துவிட்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொடுங்கள். முதலில் ஒரே ஒரு இலையில் தொட்டுப் பார்த்து, மறுநாள் கருகவில்லை என்று தெரிந்த பிறகு மற்றவற்றுக்குப் போங்கள். எறும்பு வரிசை வருகிறதா என்றும் பாருங்கள். எறும்பை விட்டுவிட்டுப் பூச்சியை மட்டும் விரட்டினால் அது மறுபடி கொண்டுவந்து விடும்.

பூத்தண்டை வெட்டுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். சாதாரணமாக விட்டுவிடுங்கள் என்பேன்: இளம்பச்சை மணிகள் தலைகீழாகத் தொங்கும், உள்ளே கேசரங்கள் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய அழகு. இந்த முறை வேர் போன கிழங்கிலிருந்து தண்டு வந்திருந்தால் மட்டும் கிள்ளிவிடுங்கள்.

பூனைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இந்தக் குடும்பத்தில் இதயத்தைப் பாதிக்கும் நஞ்சுள்ள செடிகள் பல உண்டு, நரிவெங்காயமே அப்படித்தான். வீட்டில் குழந்தைகள் இருந்தாலும் இதே எச்சரிக்கை. கிழங்கு பார்க்கச் சாம்பார் வெங்காயமாகவே தெரியும்.

ஜெயநகர்_லதா:

கொங்குத்தோட்டம் ஐயா சொன்னதில் கோகோபீட் விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பெங்களூரில் நான் பாதி கோகோபீட், பாதி பெர்லைட் (எடையில்லாத வெள்ளைக் கல்பொரி) கலந்து பிளாஸ்டிக் தொட்டியிலேயே வைத்திருக்கிறேன், தொட்டி நிரம்பிவழிகிறது. இங்கே ஜனவரி இரவுகள் 15 டிகிரி வரை இறங்கும், காற்றும் வறண்டது. அந்த மாதங்களில் ஊற்றுவதை வெகுவாகக் குறைத்துவிடுவேன். இலைகள் கொஞ்சம் தளர்ந்து சாயும், அதுதான் எனக்கு அறிகுறி. ஊற்றியதும் நிமிர்ந்துவிடும். ஆனால் வித்யா, இந்த அறிகுறியை நீங்கள் இப்போது நம்ப வேண்டாம். வேர் அழுகினாலும் இலை இதே மாதிரிதான் சாயும்.

வேறு கடைகளில் சில்லா வயலேசியா என்ற பெயரில் பார்த்து, இது இன்னொரு ரகம் என்று வாங்கிவிடாதீர்கள். அது இதே செடிதான், பழைய பெயர். 1870இல் பேக்கர் என்ற தாவரவியலாளர் இதைச் சில்லா பேரினத்தில் வைத்தார். 1970இல் ஜெசப் என்ற இன்னொரு தாவரவியலாளர் லெடிபௌரியாவுக்கு மாற்றினார். விற்பவர்கள் இன்னும் பழைய சீட்டையே ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள், சிலர் இரண்டு பெயருக்கும் இரண்டு விலை வைத்திருக்கிறார்கள்!

கொங்குத்தோட்டம்:

லதா அம்மா, பாதிக்குப் பாதி பெர்லைட் போட்ட பிறகு அது கோகோபீட் தொட்டி என்ற கணக்கில் வராது. என் சண்டை முழுக்கக் கோகோபீட்டில் நடுகிறவர்களோடு. மற்றபடி பெங்களூர்க் காற்றுக்கு உங்கள் முறை சரி. தாம்பரத்துக்கு வேண்டாம்.

வித்யா_தாம்பரம்:

இன்று மழை விட்டிருந்ததால் செடியை வெளியே எடுத்தேன். ஐயா பார்க்காமலே சொன்னது சரி, முழுக்கக் கோகோபீட்தான். மேலே காய்ந்த பொடியாக இருந்தது, கையில் எடுத்துப் பிழிந்தால் பழுப்புத் தண்ணீர் சொட்டியது. போதாததற்கு நடுவில் வலைப்பை ஒன்று. நர்சரியில் நாற்று வளர்த்த பையை எடுக்காமலே தொட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். வேர்கள் அந்த வலைக்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பின்னிக் கிடந்தன. கத்தரித்து எடுத்துவிட்டேன்.

நடுக்கிழங்கு கூழாகிவிட்டது, நாற்றம் தாங்கவில்லை. தூக்கிப் போட்டேன். விரல் உள்ளே போன கிழங்கில் ஒரு பக்கம் மட்டும்தான் குழைந்திருந்தது. செதுக்கிக்கொண்டே போனதில் பாதிக் கிழங்குதான் மிஞ்சியது. வெட்டிய இடம் வெள்ளையாக, வழவழப்பான நீர் கசிய இருக்கிறது. அடிவட்டிலும் பாதி கெட்டியாக இருக்கிறது. மற்றவை நல்ல நிலையில் இருக்கின்றன. காய்ந்த தோலை நீக்கியதும் பளபளவென்று அப்படி ஒரு ஊதா! தோலுக்கடியில் மாவுப்பூச்சிகள் வரிசையாகப் பதுங்கியிருந்தன, எல்லாவற்றையும் ஸ்பிரிட்டால் தொட்டாயிற்று.

இப்போது சந்தேகம்: அந்தப் பாதிக் கிழங்கு பிழைக்குமா? வேர்களிலும் அங்கங்கே வெள்ளைப் பொடி தெரிகிறது, அது என்ன? பக்கத்துக் குயவரிடம் அகலமான சட்டி கிடைக்கிறது, ஆனால் அடியில் துளை இல்லை.

கொங்குத்தோட்டம்:

பிழைக்கும். அடிவட்டு ஒட்டியிருக்கும் துண்டு எதுவாக இருந்தாலும் அதன் அடுக்குகளுக்கு இடையிலிருந்து குட்டிக் கிழங்கு முளைக்க வாய்ப்பு உண்டு. செடி பெருக்குகிறவர்கள் நல்ல கிழங்கையே வேண்டுமென்று இப்படித் துண்டுபோட்டு நடுவதுண்டு. காய்ந்ததும் அதை மட்டும் தனியாக, அலசிய வெறும் மணலில் சாய்த்து வையுங்கள். லேசான ஈரம் போதும். குட்டி வர மாதக்கணக்கில் ஆகும், தினமும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

வேரில் தெரியும் வெள்ளைப் பொடி வேர் மாவுப்பூச்சியாக இருக்கலாம். பழைய கோகோபீட் துளியும் ஒட்டாமல் குழாய்த் தண்ணீரில் வேரை அலசுங்கள். பொடி படிந்த வேர்களைக் கத்தரித்துவிடுங்கள், புதிது வந்துவிடும். அலசிய பிறகு மறுபடி காய வைத்துத்தான் நட வேண்டும். அந்தப் பழைய கலவையை வேறு தொட்டியில் கொட்டிவிடாதீர்கள். பூச்சியைப் பங்குபோட்டுக் கொடுத்ததாகிவிடும். பையில் கட்டிக் குப்பைக்குப் போகட்டும்.

நட்டதும் தண்ணீர் ஊற்றாதீர்கள். கொஞ்ச நாள் கழித்துக் கிழங்கை இரண்டு விரலால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். பிடிமானம் தெரிந்தால் வேர் இறங்கிவிட்டது, அன்று முதல் தண்ணீர் கொடுக்கலாம். அதுவரை சாரலும் படக் கூடாது.

சட்டியை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவிட்டு, காலையில் ஈரத்தோடு கவிழ்த்து வைத்து, கல்லில் துளையிடும் பிட்டைப் போட்டு டிரில்லை மெதுவாக ஓட்டுங்கள். சுத்தியல் விசையை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சட்டி பிளந்துவிடும். நடுவில் ஒன்று, சுற்றிலும் மூன்று துளைகள் போதும். துளை மேல் ஓட்டுச்சில்லை வைப்பதற்குப் பதில் பழைய கொசுவலைத் துண்டு ஒன்றைப் போடுங்கள், மண் ஒழுகாது.

வித்யா_தாம்பரம்:

டிரில் எதிர்வீட்டில் இருக்கிறது. வாங்கப் போகும்போது நரிவெங்காயம் பற்றியும் அந்த அம்மாவிடம் சொல்லியாக வேண்டும், அவர் வீட்டு ஸ்க்வில்லைக் கழுத்து வரை மூடி வைத்திருக்கிறாராம்.